பைரவர் பொங்கலில் கிடந்த திராட்சை

காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை, கடலூர் முதுநகரில் முந்திரி, திராட்சை மொத்தக் கடை, சிதம்பரத்தில் மகனுக்கு மாடி வீடு. மூன்றையும் கட்டியவன் நான். கூடப்பிறந்தவர்கள் ஒரு செங்கல் எடுத்துத் தரவில்லை. படிப்பு அஞ்சாம் வகுப்புதான். ஆனால் கண் இருந்தது.

அந்தக் கண்ணால் பார்த்ததுதான் இதுவும். பல வருஷத்துக்கு முன்னால் கடையில் ஒரு காவல் நாய் இருந்தது. கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய உலர்ந்த திராட்சையை வயிறு முட்டத் தின்றது. வாந்தி எடுத்தது, பிறகு மூத்திரமே போகவில்லை, மூன்றாம் நாள் செத்தது. திராட்சைதான் கொன்றது என்றேன். கடையே சிரித்தது.

போன தேய்பிறை அஷ்டமிக்கு மகன் வீட்டில் இருந்தேன். பைரவருக்குப் படைத்ததும், அவர் வாகனம் என்று வீட்டு நாய்க்குத்தான் முதலில் சர்க்கரைப் பொங்கல் வைப்பாள் மருமகள். அன்றைக்குப் பொங்கலைவிடத் திராட்சைதான் ஜாஸ்தி. அதுவும் என் கடைச் சரக்கு.

"திராட்சைய பொறுக்கிட்டு வைம்மா. நாயிக்கு ஆவாது."

"சாமிக்குப் படைச்சது மாமா. அதுல என்னா ஆவப் போவுது?"

மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூட்ட தூக்கியே டாக்டருக்குப் படிச்சவரு எங்கப்பா. தெரியாதா ஒனக்கு?"

அதற்குள் நாய் தட்டை நக்கி முடித்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாந்தி. வெயில்தான் காரணம் என்றான் மகன். நான் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அவன் பைக்கில் பின்னால் வந்தான்.

"என்ன சாப்பிட்டுச்சு?" என்றார் டாக்டர்.

"எப்பவும் போல தயிர்சாதம்தான் சார்" என்றான் மகன். பிரசாதத்தைச் சொல்ல வெட்கம்.

"பொய் சார். ஒரு கை நெறய திராட்ச தின்னுருக்கு" என்றேன்.

"நல்ல வேளை சொன்னீங்க பெரியவரே. கிட்னி போயிருக்கும்."

மிச்சத்தையும் வாந்தி எடுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். நாய் பிழைத்தது.

அடுத்த வாரம் சம்பந்தி வந்தார். "நாயிக்கு திராட்ச ஆவாதுன்னு அவுருதாம்ப்பா நெட்டுல பாத்து கண்டுபுடிச்சாரு" என்றாள் மருமகள். மகன் மறுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. காபியைக் குடித்துவிட்டு கடலூர் பஸ் ஏறினேன்.

இப்போது அவர்கள் சமையலறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதாம். நாய்க்குக் கொடுக்கக் கூடாதவை: திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு. கீழே மகனின் பெயர். மற்றதெல்லாம் அவன் நெட்டில் பார்த்ததாகவே இருக்கட்டும். முதல் வரி என்னுடையது. அந்த வரிக்குப் பக்கத்தில் 'அப்பா சொன்னது' என்று அவன் கையாலேயே எழுதி, சம்பந்தி முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.