புதுத் தண்ணீர் திறந்த அன்று

அன்று வரத்துக் கால்வாய் மதகில் நின்றவர்கள்: ஏரி மீனைக் குத்தகை எடுத்த ராஜவேலு. அவரிடம் வலை போடும் ஏழுமலை. கரையிலேயே எடை போட்டு மீன் விற்கும் அஞ்சலை. அப்புறம் நான். எனக்கும் வலைதான்.

ஏரி செஞ்சிக்கு அந்தாண்டை, மலையடியில். கோடையில் நடு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீன் பூரா அங்கேதான் கிடக்கும். முதல் மழைக்குக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் மதகுப் பலகையைத் தூக்கிவிடுவோம். மீன் புதுத் தண்ணீரை எதிர்த்து ஏறும். வெளியே ஓடிவிடாமல் மதகு வாயில் மூங்கில் தட்டி கட்டுவோம். கற்பூரம் கொளுத்துவோம். எங்களுக்கு வருஷப் பிறப்பு அன்றுதான்.

மேட்டில் பழைய பேட்டரி உருக்கும் ஷெட் வந்து மூணு வருஷம். புகை மலைமேல் படுக்கும். தீக்குச்சி கிழித்த நாற்றம் அடிக்கும். அந்தப் பக்கத்துக் காட்டில் இலையெல்லாம் ஓரம் கருகியது. வேம்பு உச்சியிலிருந்து காய்ந்தது. வெயில் என்று நினைத்தோம்.

முந்தின வருஷமே பாதி மீன் செத்தது. ராஜவேலு சொல்லிவிட்டார். "இந்த வருஷமும் போச்சுன்னா ஏரிய வுட்டுட்றேம்பா. என்னால ஆவாது." அவர் விட்டால் எங்கள் மூணு பேருக்கும் பிழைப்பு இல்லை.

அன்று விடிகாலை முதல் மழை. பலகையைத் தூக்கினோம். மீன் வந்து தட்டியில் முட்டியது.

"இன்னா ஏழுமல, மீனுக்கு இருக்குற சுறுசுறுப்பு உனக்கு இல்லியே?" என்றாள் அஞ்சலை.

"நீ கற்பூரத்தக் காட்டு. வாயக் காட்டாத."

ராஜவேலுகூட சிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்லா சாய்ந்தது. பிறகு ரோகு. அப்புறம் வெள்ளை வெள்ளையாக வயிறு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். செவுள் பூரா சளி.

"பலகயப் போடு! போட்றா!" என்று ராஜவேலு கத்தினார்.

போட்டோம். அதற்குள் அந்தத் தண்ணீர் மடுவுக்குப் போய்விட்டது.

மத்தியானம் மீன்துறை சார் வந்தார். காகிதத்தைத் தண்ணீரில் நனைத்தார். சிவந்தது.

"அமிலம்பா. ஷெட்டு பொகையில கந்தகம் இருக்கு. மழையில கரையுது. கோடை பூரா மலைல படிஞ்சதயும் மொத மழ ஒண்ணா கழுவிக் கொண்டாந்துடுது. மண்ணா இருந்தா கொஞ்சம் தாங்கும். உங்க மலை வெறும் பாறை."

"அப்ப ஷெட்ட மூடுங்க சார்" என்றார் ராஜவேலு.

"அது வேற ஆபீஸுங்க. நான் எழுதி அனுப்புறேன். நீங்க சுண்ணாம்பு போடுங்க."

சுண்ணாம்பு கரைத்து மடுவெல்லாம் தெளித்தோம். கை வெந்தது. செத்த மீனைக் குழி வெட்டிப் புதைத்தோம். காக்காகூட அதைத் தொடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மேட்டில் புகை இருந்தால் முதல் தண்ணீரை உள்ளே விடாதே. மடு சுருங்கினாலும் விடாதே. ஓடைப் பக்கம் திருப்பிவிடு. ரெண்டாவது மழையும் போகட்டும். அப்புறம் பலகையைத் தூக்கு.

ஒரு வாரம் கழித்து ராஜவேலு வந்தார். "மடுவ வளைச்சு இழுங்க. இருக்குறதப் பாத்துட்டு சொல்றேன்."

அஞ்சலை தராசோடு வந்திருந்தாள். ஏழுமலை ஒரு முனை, நான் ஒரு முனை. மடு முழுக்க வளைத்துக் கரைக்கு இழுத்தோம். ராஜவேலு குனிந்து எண்ணினார்.

உயிரோடு ஒன்பது.