இறால் தடவும் தண்ணீர்

கண்ணுகளா, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரம் படகில் இருக்கிறேன். காவிரியின் கிளையாற்று நீரும் கடல் நீரும் கலக்கிற சதுப்பு இது. மார்பளவுத் தண்ணீரில் ஓர் அம்மா வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார். இடுப்பில் கட்டிய கூடையில் நாலைந்துதான் கிடக்கின்றன.

சாயப்பட்டறையில் உப்புப் பார்க்கிற பழக்கத்தில் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கிறேன். ஒரேயடியாகக் கரிக்கிறது.

"ஆத்துத் தண்ணி வந்து உப்பு கொறஞ்சாத்தான் இறாக்குஞ்சு பொழைக்கும் தம்பி" என்கிறார் அந்த அம்மா. "நீங்க எந்த ஊரு?"

"திருப்பூருங்க. சாயம் போடறமுங்க. துணியில சாயம் புடிக்க மூட்டை மூட்டையா உப்புப் போடோணுங்க. முன்னெல்லாம் அந்தத் தண்ணிய நொய்யல் ஆத்துல விட்டமுங்க. அது காவேரிக்குத்தானுங்க வரும்."

அவர் என்னையே பார்க்கிறார். "கடலே பக்கத்துல கெடக்கு. எங்களுக்கு உப்புக்கா பஞ்சம், அங்கேருந்து அனுப்புறீங்க?"

படகுக்காரர் சிரிக்கிறார். என்னால் முடியவில்லை.