சின்னபொண்ணு வெட்டிய கவர்

அறிவிப்பை சின்னபொண்ணு இரண்டு முறை படித்தாள். மிட்டாய்க் கம்பெனியின் வாசல் பலகையில் அன்று காலைதான் ஒட்டியிருந்தார்கள். பேக்கிங் பெண்களின் நகம் பட்டுக் கவர் ஓட்டையாவதால் சரக்கு திரும்பி வருகிறது. இன்று முதல் கேட்டில் நகத்தைப் பார்த்த பிறகே உள்ளே விடப்படும். மோதிரம், வளையல் கூடாது. கீழே மேனேஜர் பிரவீன்குமாரின் கையெழுத்து.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், கெடாருக்கு முன்னால் இருக்கிறது அந்தக் கம்பெனி. அங்கே செய்வது பிழிந்து உறிஞ்சுகிற மிட்டாய். மாங்காய், புளி, ஆரஞ்சு என்று மூன்று ருசியில் பாகு காய்ச்சி, உள்ளங்கை நீளமுள்ள பிளாஸ்டிக் கவரில் நிரப்பி, சூட்டில் வாயை ஒட்டிவிடுவார்கள். லிக்விட் மிட்டாய் என்று கேட்டால் எந்தப் பெட்டிக்கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய கவர் சோப்பு பாக்கெட் மாதிரி இருக்கிறது என்று, முதலாளி அரங்கநாதன் சென்னையில் ஒருவரிடம் புது டிசைன் வாங்கினார். ராக்கெட் மாதிரி ஒடுங்கிய மூக்கு, அடியில் இரண்டு இறக்கை, எல்லா முனையும் கூர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வந்த மூன்றாவது வாரமே கண்டாச்சிபுரம் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. திறந்தால் உள்ளே பாகு ஒழுகி, கவரெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

சின்னபொண்ணுக்கு நாற்பத்தொரு வயது. பெயருக்கு நேர்மாறாக ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற குரல். திருவாமாத்தூரில் வீடு. கணவன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர், மகள் நர்சிங் படிக்கிறாள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி பதினைந்து வருடம் ஜாக்கெட் தைத்தாள். கழுத்து வலி வந்த பிறகு தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். சீல் போடும் மெஷினில் பதினோரு வருடம் ஆகிறது.

கேட்டில் பிரவீன்குமாரே நின்றுகொண்டு ஒவ்வொரு பெண்ணின் கையையும் திருப்பிப் பார்த்தார். ஹஸீனா முதல் நாள் தங்கச்சி கல்யாணத்துக்கு மருதாணி வைத்திருந்தாள். அவள் விரலைப் பிடித்து அவர் உற்றுப் பார்த்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், அந்தப் பொண்ணு கைய விடுங்க" என்றாள் சின்னபொண்ணு. "எங்க கைய பாத்துக்கினு நிக்கிறீங்களே, ஓட்ட எங்க இருக்குதுன்னு கவர பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான்க்கா போட்டிருக்கேன் நோட்டீஸ். ஊசி குத்துன மாதிரி ஓட்ட. நகத்த தவிர வேற இன்னா இருக்குது இங்க?"

மதியம் ஒரு கடிதத்தை டைப் செய்து கொண்டுவந்தார். எங்கள் கவனக்குறைவால் இப்படி ஆனது, இனி ஆகாது என்று பதினோரு பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பேர் போட்டார்கள். ஹஸீனா போடும்போது அழுதாள். சின்னபொண்ணு பேனாவைத் தொடவே இல்லை.

"நான் பண்ணாத தப்புக்கு எதுக்கு சார் எழுதிக் குடுக்கணும்?"

"அப்ப மெஷின்ல ஒக்கார வேணாம். பின்னாடி போய் டிரம் கழுவுங்க."

"கழுவுறேன். அது ஒண்ணும் கொறஞ்ச வேல இல்ல."

டிரம் கழுவும் இடம் கொட்டகைக்குப் பின்னால். திரும்பி வந்த பெட்டிகளை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். தண்டனை என்று நினைத்து பிரவீன்குமார் அவளை எங்கே அனுப்பினாரோ, அங்கேதான் அத்தனை சாட்சியும் குவிந்து கிடந்தது. மூன்றாம் நாள், டிரம் கழுவி முடித்த கையோடு சின்னபொண்ணு ஒரு பெட்டியைப் பிரித்தாள். ஒழுகிய கவர் ஒவ்வொன்றையும் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற மாதிரி, குமிழி வந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டாள். இப்படி நூறு கவர் பார்த்தாள்.

பேக்கிங் பெண்கள் கவரைப் பிடிப்பது மூக்குப் பக்கம். நகம் பட்டால் அங்கேதான் படும். ஆனால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை கூட இல்லை. எண்பத்து நான்கு கவரில் ஓட்டை வயிற்றில் இருந்தது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். மீதி பதினாறில் அடிப்பக்கம் அங்கங்கே. பெட்டியில் அடுக்குகிற மாதிரியே இரண்டு கவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றின் இறக்கை முனை நேராக அடுத்ததின் வயிற்றில் போய் உட்கார்ந்தது.

அவளுக்கு அது உடனே புரிந்தது. தலையணை உறை தைத்தவளுக்கு இது புதிதல்ல. காலியாக இருக்கும்போது உறை தட்டையாகப் படுத்திருக்கும். பஞ்சு உள்ளே போனதும் நடு உப்பி, நாலு மூலையும் விறைத்துக்கொண்டு நிற்கும். கவரும் அப்படித்தான். பாகு நிறைந்ததும் அந்தக் கூர்முனை முள்ளாகிவிடுகிறது. வண்டி குலுங்கக் குலுங்க, பக்கத்தில் இருப்பதைக் குத்திக்கொண்டே போகிறது.

வட்டம் போட்ட கவர்களை ஒரு பையில் போட்டு பிரவீன்குமாரிடம் எடுத்துப் போனாள். அவர் இரண்டைப் பார்த்துவிட்டுப் பையை ஒதுக்கினார்.

"டிசைன் பண்ணவரு பெரிய படிப்பு படிச்சவரு, அக்கா. கம்ப்யூட்டர்ல பண்ணது. அத போய் தப்புன்னு சொல்றீங்க."

"படிச்சவரு காலி கவரத்தான சார் பாத்திருப்பாரு. பாகு ஊத்தி, பெட்டில அடுக்கி, வண்டில ஏத்தி பாத்தாரா?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். சின்னபொண்ணு வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தாள். பூஜைக்கு முதலாளி வருகிற நாள் அது. கற்பூரம் காட்டி முடித்து அரங்கநாதன் செருப்பை மாட்டும்போது முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு டெஸ்ட் வெக்கணும். ரெண்டு பெட்டி குடுங்க. ஒண்ணு இருக்கிற மாதிரியே. இன்னொண்ணுல மூலைய எல்லாம் நான் வட்டமா வெட்டிக் குடுக்கிறேன். ரெண்டையும் மேனேஜர் சார் அவரு கையாலயே அடுக்கட்டும். எங்க பொம்பளைங்க யாரும் தொட மாட்டோம்."

அரங்கநாதன் மேனேஜரைப் பார்த்தார். "செஞ்சு பாருய்யா. ரெண்டு பெட்டிதான."

மறுநாள் வீட்டிலிருந்து ஜாக்கெட் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தாள். நூற்று இருபது கவர். கவரின் ஓரத்தில் சூட்டில் ஒட்டிய சீல் பட்டையின் அகலத்தை முதலில் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். தையலுக்கு விடுகிற துணி மாதிரி உள்பக்கம் போதுமான அளவு விட்டுவிட்டு, வெளி முனையை மட்டும் வளைத்து வெட்டினாள். மதியச் சாப்பாடு வரை ஆனது. விரலில் கத்தரி அழுத்திய இடம் சிவந்துபோயிற்று. பிரவீன்குமார் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு பெட்டியையும் அடுக்கினார். டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டார்.

"சார், நகத்த காட்டுங்க" என்றாள் சின்னபொண்ணு.

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் மட்டும் கறுத்தது. ஆனாலும் கையுறையைக் கழற்றிக் காட்டினார்.

காலிக் கவர் செய்கிற யூனிட் திண்டிவனத்தில் இருக்கிறது. அங்கே தினமும் போய் வருகிற வேனில் அந்த இரண்டு பெட்டியும் மூன்று நாள் ஏறி இறங்கின. நாலாம் நாள் முதலாளி முன்னால் பிரித்தார்கள். வெட்டாத கவர்ப் பெட்டியில் இருபத்து மூன்று ஒழுகியிருந்தன. வட்டமாக வெட்டியதில் ஒன்றே ஒன்று. அதுவும் வாய்ப்பக்கம் சீல் சரியாகப் பிடிக்காதது.

"இந்த ஒண்ணு எங்க தப்பு. மெஷின்ல சூடு கொறஞ்சிருக்கும். இத நாங்க ஒத்துக்குறோம்" என்றாள் அவள்.

அரங்கநாதன் அந்த ஒற்றைக் கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "திண்டிவனம் போய் அவங்ககிட்ட நீயே சொல்லு" என்றார்.

"போறேன் சார். அதுக்கு முன்ன அந்த நோட்டீஸு?"

"கழட்டிடலாம்மா."

"கழட்டுனா பத்தாது சார். எல்லாரும் பாக்குற மாதிரி போட்டீங்க. தப்பு கவர்லதான், பொம்பளைங்க கைல இல்லன்னு அதே எடத்துல எழுதிப் போடணும். ஹஸீனா அழுதுக்கினே கையெழுத்து போட்டா."

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவள் டிரம்தான் கழுவினாள். மூன்றாம் நாள் காலை பலகையில் புதுத் தாள் இருந்தது. பிரவீன்குமாரின் கையெழுத்து இந்த முறை கொஞ்சம் சிறியதாக இருந்தது. ஹஸீனா அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

திண்டிவனம் யூனிட்டில் கவர் வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் யாஹ்யா. கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் இதே வேலையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சின்னபொண்ணு வெட்டிய கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது?"

"நான்தான் பாய்."

"அளவு எப்டி எடுத்தீங்க?"

"கண்ணாலதான்."

அவர் மேஜை டிராயரிலிருந்து சில்லறையை எடுத்துப் பரப்பினார். ஒரு ரூபாய் விளிம்பு, ஐந்து ரூபாய் விளிம்பு, பத்து ரூபாய் விளிம்பு என்று மூன்று வளைவில் கவர் வெட்டி, தண்ணீர் நிரப்பி, ஒன்றால் இன்னொன்றைக் குத்திப் பார்த்தார்கள். சின்ன வளைவு இன்னும் உறுத்தியது. பெரிய வளைவில் இறக்கையே காணாமல் போய் ராக்கெட் வெண்டைக்காய் மாதிரி ஆகிவிட்டது. நடுவில் இருப்பதை அவள் எடுத்து வைத்தாள். அந்த அளவுக்கே வெட்டு அச்சு செய்வதாக யாஹ்யா சொன்னார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அச்சு தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவாமாத்தூர் கோயில் வாசலில் ஒரு சம்பவம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். மூன்று வயதுப் பெண் குழந்தையின் கையில் இதே கம்பெனி மிட்டாய். குழந்தை கவரின் மூக்கைப் பல்லால் கடித்து இழுத்தது. மறு நொடி கண் பிதுங்க மூச்சுக்குத் திணறியது. பூக்கடையில் நின்ற சின்னபொண்ணு ஓடிப்போய், அதைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். நாலாவது தட்டில் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு வெளியே வந்து விழுந்தது. அது கவரின் மூக்கு நுனி.

அந்தத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்து திங்கட்கிழமை முதலாளியின் மேஜையில் வைத்தாள். அதற்குள் அவளை செக்கிங்கில் போட்டிருந்தார்கள். புதுக் கவர் வந்தால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது அவள்தான்.

"நுனி தனியா வரக் கூடாது சார். கிழிச்சா கவரோடவே தொங்கிக்கினு இருக்கணும்."

"மூலைதான் கம்ப்ளெயின்டு. இத பத்தி ஒரு கடைக்காரன் கூட சொல்லல. கார்த்திகை தீபத்துக்கு இருவது நாள்தான் இருக்குது. திருவண்ணாமலை கூட்டம் பூரா இந்த ரோட்டுலதான் போவும். இப்ப போய் பேஜாரு பண்ணாத."

"பண்ணித்தான் ஆவணும் சார். அந்தக் கொழந்த மூஞ்சிய நான் பாத்தேன். நீங்க பாக்கல."

புதுக் கவரின் முதல் மூட்டை வந்தது. மூலை அழகாக வளைந்திருந்தது. மூக்கு அப்படியேதான் இருந்தது. சின்னபொண்ணு மூட்டையின் மேல் 'பாஸ் இல்லை' என்று எழுதி வைத்தாள். பிரவீன்குமார் அதை மெஷினில் ஏற்றச் சொன்னார். ஹஸீனா எழுந்து மெஷின் ஸ்விட்சை அணைத்தாள். "அக்கா பாஸ் பண்ணாத கவரு எங்க மெஷின்ல ஓடாது சார்." முன்பு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியம் வரை கொட்டகையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அரங்கநாதன் வந்து பார்த்தார், கோபமாகப் போனார். தீபத்துக்குப் புதுக் கவர் போகவில்லை; மிச்சமிருந்த பழைய சோப்பு பாக்கெட் கவரில்தான் மிட்டாய் போயிற்று. அந்த ஒரு மாதம் அவர் அவளோடு பேசவே இல்லை. வேலையை விட்டு எடுக்கவும் இல்லை.

சின்னபொண்ணு வாரத்துக்கு இரண்டு நாள் வேனில் திண்டிவனம் போனாள். கிழித்துத் திறக்க மூக்கில் போடுகிற வெட்டு நேராகக் குறுக்கே போனால் நுனி கழன்று வரும். அதை வளைத்து, மறு பக்கத்தில் அகலமான சீல் பட்டையில் போய் முட்டி நிற்கும்படி செய்ய வேண்டும். சொல்ல எளிது. ஒரு தடவை கிழியவே இல்லை. ஒரு தடவை வயிறு வரை கிழிந்து பாகு கையெல்லாம் வழிந்தது. யாஹ்யா பதின்மூன்று முறை மாற்றினார். பதினாலாவதில் சின்னபொண்ணு கையால் கிழித்தாள், பல்லால் கடித்தாள், பிடித்து இழுத்தும் பார்த்தாள். நுனி மூடி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கழன்று வரவில்லை.

"இன்னும் பலமா இழுங்க" என்றார் யாஹ்யா.

"கொழந்தைக்கு எம்மாந் தெம்பு இருக்கும் பாய். இது போதும். ஆனா நூறு கவரு பாத்துட்டுத்தான் பாஸ்."

பொங்கலுக்கு அந்தக் கவர் கடைக்குப் போயிற்று. கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு பெட்டி கூட திரும்பவில்லை. நுனியைப் பற்றிக் கடைக்காரர் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு திணறாத குழந்தையைப் பற்றி யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

போன மாதம் அரங்கநாதன் போனில் ஒரு படம் காட்டினார். ஊசி போடுகிற சிரிஞ்சு மாதிரியே கவர், உள்ளே சிவப்புப் பாகு. பிள்ளைகள் விழுந்தடித்து வாங்குவார்களாம், திண்டிவனத்தில் விலை கூடக் கேட்டாகிவிட்டதாம்.

"என் பொண்ணு நர்சுக்கு படிக்கிறா சார். ஊசி வெளாட்டு சாமான் இல்ல, குப்பைல கெடந்தா தொடக் கூடாதுன்னு ஊர் ஊரா போய் சொல்லிக்கினு இருக்குறாங்க. நாம அத வாயில வெச்சு உறிஞ்சச் சொல்லிக் குடுக்கிறதா?"

"எல்லாத்துக்கும் ஒரு நொட்ட சொல்லு."

"சொல்லத்தான சார் என்ன இங்க ஒக்கார வெச்சிருக்கீங்க."

அவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். சின்னபொண்ணு அன்றைய கவர் மூட்டையைப் பிரித்து, முதல் கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.