முதலாம் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம்

அம்மாவின் ஃபோன் குளியலறைத் தரையில் விழுந்து முகம் முழுக்க வெடித்துப் போயிற்று. புதிதாக ஒன்று வாங்கி, போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பழையதில் இருந்த படங்களையும் இலக்கங்களையும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் நான் செய்த சின்ன விளையாட்டு ஒன்றும் அதில் இருந்தது. அதையும் புதியதில் போட்டுவிடலாம் என்று, லிங்க் எடுக்கப் பழையதிலேயே ஸ்டோரில் அதன் பக்கத்தைத் திறந்தேன். 'உங்கள் மதிப்பீடு' என்ற இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள். முதலாவது மட்டும் நிறம் ஏறியிருந்தது. மற்ற நான்கும் வெறும் கோடு.

அந்த ஒற்றை நட்சத்திரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன், அதைப் போட்டது நீர்தான் என்று ஒரு மனிதரை, நான் வேலை செய்கிற கந்தோரில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து அவமானப்படுத்தியவன் நான். அவர் போடவில்லை. அது எனக்குத் தெரிய மூன்று வருடமும், உடைந்த ஃபோன் ஒன்றும் வேண்டியிருந்தது. "எல்லாம் சரிவந்துதோ, ராசா?" என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டா.

துறைமுக வேலை பார்ப்பதால் கந்தோரில் எல்லோருக்கும் அவர் வார்ஃப் அண்ணன். கொட்டாஞ்சேனையில், இறக்குமதிச் சரக்குகளைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் குளிரூட்டிய அறைக்குள் இருந்து பத்திரங்களைத் தயாரிக்கிறவன். அவற்றைத் தோல்பைக்குள் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் போய், ஒவ்வொரு யன்னலிலும் நின்று கையெழுத்து வாங்கி, பெட்டியை வெளியே கொண்டு வருகிறவர் அவர். வெயிலில் கறுத்த ஆள், சட்டைப் பையில் அந்தோனியார் படம். பிறந்து வளர்ந்தது எல்லாம் கொட்டாஞ்சேனைதான். சிரித்தால் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மற்றவர்களையெல்லாம் 'நீங்க' என்பார். என்னை மட்டும் முதல் கிழமையிலேயே 'தம்பி, நீ' என்று பிடித்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை அந்த நாளில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

விளையாட்டு ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலைத் தொடுகிற இடத்தில் ரயில் கடவை ஒன்று இருக்கிறது. அங்கே கேட்டைத் தூக்கி ஆட்டோக்களையும் சனத்தையும் விட வேண்டும், ரயில் வருமுன் இறக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு விரல் போதும். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, வேலைக்கு வெளிக்கிடும் வரைக்கும், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எட்டு மாதமாகச் செய்தேன். நாற்பது வயதில் இந்தப் பைத்தியம் ஏன் என்று சொந்தக்காரர் கேட்டார்கள். எனக்கே மறுமொழி தெரியாது. பகல் முழுக்க மற்றவர்களுடைய பெட்டிக்குப் பத்திரம் எழுதுகிறவனுக்கு, தன் பெயரில் ஒரு சாமான் வேண்டும் போலிருந்தது.

ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது வார்ஃப் அண்ணன் பின்னால் வந்து நின்றார். "இது என்னடா, கோச்சி கேட்டா? கொண்டா பாப்பம்" என்று கையிலிருந்து பறித்தார். ரயில் அவர் வாயில் கோச்சிதான். இரண்டு தரம் விளையாடினார். பிறகு ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார். "தம்பி, இது கோச்சி ஹோர்ன் இல்ல. கப்பல்! நான் துறைமுகத்துக்குள்ளயே கிடக்கிறவன், எனக்குத் தெரியாதா?" நான் எங்கிருந்தோ இலவசமாக எடுத்த ஒலி அது. நிஜச் சத்தத்தைப் பிடித்துத் தருகிறேன் என்றவர், சொன்னபடியே அடுத்த சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். இருவரும் கடவையடியில் நின்றோம். முதல் ரயிலுக்குக் கடற்காற்றுத்தான் பதிவாயிற்று. இரண்டாவதற்குத் தன் உடம்பால் காற்றை மறைத்து, ஃபோனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கி நின்றார். கேட் பூட்டிக் கிடக்க, மீன் பையோடு ஒருவர் குனிந்து பாய்ந்து போனார். "பாத்தியா? கேட் போட்டாலும் எங்கட ஆக்கள் குனிஞ்சு போவாங்க. இந்த மனுசனையும் உள்ளுக்குப் போடு!"

போட்டேன். இன்றைக்கும் அந்த விளையாட்டில் ஆட்கள் விரும்புகிற ஒரே பாத்திரம் அந்த மீன்பைக்காரன்தான்.

செய்வதைவிட அதை நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் விளங்கியது. நான் சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்பிவிட்டு, இறக்கினீர்களா, நட்சத்திரம் போட்டீர்களா என்று பிச்சைக்காரன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வார்ஃப் அண்ணன் கியூஆர் கோட்டை அச்சடித்து, லெமினேட் பண்ணி, கொட்டாஞ்சேனையில் தான் முடி வெட்டுகிற சலூன் கண்ணாடியில் ஒட்டினார். ஆட்டோ ஸ்டாண்டில் ஒட்டினார். துறைமுக வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கும் லொறிக்காரர்களிடம் "மல்லி, மேக்க பொட்டக் பலன்ன" என்று, தம்பி இதைக் கொஞ்சம் பார் எனச் சிங்களத்தில் தொடங்கி, அவர்கள் ஃபோனை வாங்கித் தானே இறக்கிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த முதல் நூறு பேரில் எண்பது பேர் அவருடைய ஆட்கள். செய்தவன் நான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். "எங்கட கந்தோர்த் தம்பி. பெரிய மூளைக்காரன்."

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து படி இறங்கும்போது சொன்னார். "தம்பி, கோவிக்காத. நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலாவது தரம் அலுக்குது. கோச்சி டாண் எண்டு ஒரே நேரத்துக்கு வருது. எங்கட கோச்சி எப்பவாச்சும் நேரத்துக்கு வந்திருக்கா? சும்மா லேட்டாக்கி விடு, பாப்பம்." எவ்வளவு சரியான வார்த்தை! ஆனால் நான் அதைக் கேட்க விரும்பவில்லை. பாடசாலையில் முதலாம் தவணையிலிருந்து கடைசித் தவணை வரைக்கும் வகுப்பிலேயே கூடுதல் புள்ளி எடுத்து முதலாம் பிள்ளையாக வந்தவன் நான். புகழ்ச்சியைத்தான் வாங்கிப் பழக்கம், திருத்தத்தை அல்ல. பார்ப்போம் என்று சொல்லிவிட்டு விறுவிறென்று நடந்துவிட்டேன்.

அடுத்த நாள் விடியப் பார்த்தால், அதுவரைக்கும் எல்லாம் ஐந்தாக இருந்த இடத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு ஒன்று. வெறும் நட்சத்திரத்துக்குப் போட்டவர் பெயர் காட்டாது. பெயர் எதற்கு, அலுக்குது என்று முதல்நாள்தானே வாயால் சொன்னார்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பற்களைக் கடித்துக்கொண்டு வந்தேன். பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் கூடி நிற்க, அவர் முன்னால் போய் நின்றேன். முகத்துக்கு முன்னால் சிரித்துப் பின்னால் குத்துகிற ஆட்கள் என்றேன். எரிச்சல் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட ஆக்களுக்கு இதெல்லாம் எங்க விளங்கப் போகுது!"

பத்தாம் வகுப்போடு தகப்பன் இறந்துபோய், அவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர். அதை நான் யாரிடமும் கேட்டு அறியவில்லை. வெள்ளவத்தைக் கடவையடியில், இரண்டு ரயில்களுக்கு இடையில், அவர்தான் எனக்குச் சொன்னார்.

வார்ஃப் அண்ணன் தேநீர்க் கிளாசை மேசையில் வைத்தார். "நான் போட்டிருந்தா என்ட பேரோட போட்டிருப்பேன்" என்றார். பிறகு தோல்பையை எடுத்துக்கொண்டு, "மத்தது, நீங்க சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த 'நீங்க' எனக்கு உடனே உறைக்கவில்லை. சண்டையில் வென்ற சந்தோஷப் புளுகத்தில் இருந்தேன். அடுத்த நாள், "இந்தப் பத்திரத்தில ஒரு கையெழுத்து வேணும், போடுறீங்களா?" என்று மேசையடியில் வந்து நின்றபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து நீங்கதான். ஏழு மாதம் கழித்து ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் வேலை கிடைத்துப் போனார். போகிற அன்று எல்லோருக்கும் கேக் கொடுத்தார். என்னிடமும் வந்தார். தட்டை நீட்டி, "எடுங்க" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் இதை எழுதிப் பிரயோசனமில்லை. அவர் சொன்னதை நான் செய்தேன். சண்டை முடிந்து இரண்டாம் மாதம், ரயிலை நினைத்தபடி தாமதமாக்கினேன். முகம் தெரியாத யாரோ, நிஜக் கோச்சி மாதிரியே இருக்கிறது, சூப்பர் என்று எழுதினார்கள். மிக்க நன்றி என்று கீழே பதில் போட்டேன். இந்த யோசனை யாருடையது என்று போடவில்லை. அப்போது அவர் ஆறடி தள்ளி, அடுத்த மேசையில்தான் இருந்தார்.

உடைந்த ஃபோனோடு குசினிக்குப் போனேன். "அம்மா, இந்த நட்சத்திரம் நீங்களோ போட்டது?" அம்மா கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தா. "ஓம். நீதானே எல்லாரையும் போடச் சொல்லி ஆய்க்கினை படுத்தினனி. பிறகு ஒருநாள் போட்டிட்டன் எண்டும் சொன்னனானெல்லோ." சொன்னவாதான். ஐந்து போட்டவர்களில் ஒருவராக அம்மாவை எண்ணி வைத்திருந்தேன். "ஏன் அம்மா ஒண்டு?" என்று கேட்டேன். என்னை ஒரு விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தா.

"வேறை என்ன போடுறது? நீ எந்த வகுப்பிலையடா அஞ்சாம் பிள்ளையா வந்தனி? ஒண்டெண்டால் முதலாம் பிள்ளையெல்லோ!"

ஒவ்வொரு தவணையும் தேர்ச்சி அறிக்கையோடு படலை திறக்க முன்னம், எத்தனையாம் பிள்ளை என்று கேட்டு, ஒன்று என்ற இலக்கத்தை விரலால் தடவிப் பார்க்கிற அம்மா இவ. நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண் முட்டிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மா அன்றைக்கு வெங்காயமே வெட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சாட்சிக்கு அந்த உடைந்த ஃபோனையும் கொண்டுபோனேன். வார்ஃப் அண்ணன் சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க, உள்ளுக்கு வாங்க. இருங்க" என்றார். தானே பிளேன்ரீ ஊற்றிக் கொண்டு வந்தார். நான் ஃபோனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் பிள்ளைக் கதை வந்ததும் அவர் சிரிக்கத் தொடங்கினார். பழைய சிரிப்பு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "அம்மாகிட்ட ஒண்டும் சொல்லிறாதீங்க. பாவம்" என்றார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வருடத்துப் பாரம் இறங்கினது போல மூச்சு வந்தது. "அண்ணன், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் பிழையா நினைச்சிட்டன்."

அவர் வெடித்த கண்ணாடியை ஒரு தரம் விரலால் தடவிவிட்டு ஃபோனை என்னிடம் தந்தார். குரலில் கோபம் இல்லை.

"சரி. ஸ்டார் போட்ட ஆள் கிடைச்சிட்டு. அந்தப் பள்ளிக்கூடக் கதையையும் அம்மாவா சொன்னாங்க?"

"இல்லை, அண்ணன். அது நான்தான்."

"ம்" என்றார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட, இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்தார். பிறகு என் கிளாசைப் பார்த்து, "ஆறிடும், குடிங்க" என்றார். குடித்தேன். வாசல் வரைக்கும் வந்து, போயிட்டு வாங்க என்று அனுப்பி வைத்தார். ரயில் பிந்தி வருவது அவர் தந்த யோசனை என்று சொல்லத்தான் போனேன், அதையும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புதிய ஃபோனை நீட்டினா. விளையாட்டு வந்திருக்கிறது, தான் போட்ட நட்சத்திரமும் வந்ததோ என்று பார்க்கச் சொன்னா. திறந்தேன். கண்ணாடி புதிது, வெடிப்பில்லை. அதற்குள்ளே அதே ஒற்றை நட்சத்திரம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"இப்பவும் முதலாம் பிள்ளைதானே, ராசா?"

நான் அந்த ஒன்றை விரலால் தடவிவிட்டு, ஃபோனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.