அவள் தோண்டிய பங்கர்

வெயிலில் காய்ந்த கரிய எரிமலை மணல் செருப்புக்குள் புகுந்து விரலிடுக்கை அராவும் எரிச்சலோடுதான் எங்கள் கோடை விடுமுறை தொடங்கும். மெல்பேர்னில் நாங்கள் இருந்த கிளேட்டனிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் ஓடினால், என்றோ எரிந்து அணைந்த மலைகளும் அவற்றின் வாய்க்குள் தேங்கிய ஏரிகளும் வரும். அப்பா கூடாரம் அடிப்பார். நானும் ஐந்து வயதுத் தம்பியும் மலையேறி, ஏரியில் குதித்து, மூக்குத் தோல் உரியத் திரிவோம்.

எனக்குப் பதினொரு வயதான கோடையில் பெரியம்மாவின் மகள் யாழினி அக்காவும் வந்தாள். வன்னியில் போருக்குள் வளர்ந்தவள். மெல்பேர்னுக்கு வந்து நாலே மாதம். தம்பி என்னை விட்டுவிட்டு அவள் கையையே பிடித்துக்கொண்டு திரிந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து மலையில் கல்லுடைக்க மத்தியானம் வெடி வைப்பார்கள், அவளுக்கும் சொல்லி வை என்று அப்பா காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். நான் போய், "இந்த மலை இன்னும் சாகேல்லை அக்கா, இண்டைக்கு மத்தியானம் வெடிக்கும், அம்மாவாணை" என்றேன். அவள் அம்மாவிடம் ஓடி, "சித்தி, வெடிக்குமாமே?" என்றாள். கல்லுடைப்பை நினைத்துக்கொண்டு அம்மா, "ஓம் பிள்ளை, வெடிக்கும்தான்" என்று இடியப்பப் பொதியை அவிழ்த்தார்.

அவள் அழவில்லை. சோற்று அகப்பையை எடுத்துப்போய்க் கூடாரத்துக்குப் பின்னால் வன்னியில் குண்டுவீச்சுக்குப் பதுங்குவதுபோல ஒரு பங்கர் தோண்டத் தொடங்கினாள். நகங்களில் இரத்தம் வந்தது. நான் கதிரையில் இருந்து சிப்ஸ் தின்றபடி பார்த்தேன்.

வெடித்தது. தம்பியைத் தூக்கிக் குழிக்குள் போட்டு, அவன்மேல் கவிழ்ந்து படுத்தவள், ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிக் கத்தினாள்: "ஓடி வா தங்கச்சி! உனக்கும் இடம் கிடக்கு!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த கூடாரத்து வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எழுந்தபோது அவள் பாவாடை நனைந்திருந்தது. சீ, அதையும் கைகாட்டிச் சிரித்தேன்.

"பகிடிக்கும் ஒரு அளவு வேணுமடி!" என்று அம்மா கன்னத்தில் அறைந்தார். யாழினி அக்கா அந்தக் குழியைத் தன் கையாலேயே மூடினாள். பிறகு ஒரு கோடைக்கும் அவள் எங்களோடு வரவில்லை.

இந்தத் தை மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரி வற்றி உப்புப் பொருக்காகக் கிடக்கிறது. கல்லுடைப்பும் நின்றுவிட்டது. குழி இருந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள்.

யாழினி அக்கா இப்போது சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறாள். தம்பி ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கேதான் போய்த் தங்குவான். போன மாதம் நான் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதை" என்றாள். அப்படியென்றால் பள்ளி விடுமுறைக்கு மகளோடு வரட்டுமா என்று கேட்டேன்.

"வீடு சின்னன், தங்கச்சி. இடம் காணாது."

நாலு அறை வீடு என்று தம்பி சொல்லியிருக்கிறான்.