முன்பாயில் உட்கார்ந்த வளையல்காரர்

எனக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போனது. மூன்றாவது நின்றால் வளையல்கார மாமா கையால் வளையல் போட்டுக்கொள்வதாக அம்மனுக்கு வேண்டியிருந்தேன். எங்கள் மலையூர் அம்மன் திருவிழாவுக்கு, நோம்பி என்போம், அவர் வருடம் தவறாமல் மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து வளையல் பெட்டியோடு வருவார். அவர் கொடுக்கும் வளையல்தான் அம்மனுக்கு முதலில் சாத்துவது. அடுத்தது பிள்ளைத்தாய்ச்சிக்கு. அவர் மேற்கே பார்த்துத் தொழுவதைப் பார்த்திருக்கிறோம். அது அவர் சாமி, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கீழேயிருந்து ஏதோ இந்துச் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். காலையில் கம்பு சுற்றுவது, மத்தியானம் கபடி, சாயங்காலம் பாட்டு. காவித் துண்டு சும்மா கொடுத்தார்கள். இளவட்டங்களை அதுவரை யாரும் மதித்துக் கூப்பிட்டதில்லை.

என் தம்பிக்கு நல்ல குரல். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அதோடு போய்விட்டான். மிளகு பறிக்க நானே ஏணி ஏறினேன். அலுத்து வந்தால் டேப்பில் அவர்கள் கேசட் ஓடும். நம்மை அழிக்க வருகிறார்கள் என்று ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார்.

"யாருடா வாரது?"

"துலுக்கனுங்கக்கா."

"நம்ம மலையில அப்பிடி யாருடா இருக்கறா?"

"உனக்கு ஒண்ணுந் தெரியாது. சோத்தப் போடு."

அந்த வருடம் நோம்பியன்று கூட்டம் போட்டார்கள். மாமா பின்னால் நின்றார். விருந்தாளியை முன்னால் விரித்த பாயில் உட்கார வைப்பது எங்கள் வழக்கம். ஊர்க்கவுண்டர் விடவில்லை.

"ஏனுங்க மாப்ள, நீங்க பின்னால நின்னா ஊருக்குக் கேவலமுங்க."

"இருக்கட்டுங்க, நின்னுக்கறேன்."

"பெட்டிய எவனும் தூக்கிட்டு ஓடமாட்டான், வாங்க!"

சனம் சிரித்தது. கவுண்டர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்பாயில் உட்கார வைத்தார். தம்பி பாடினான். பிறகு கீழேயிருந்து வந்தவர் பேசினார். துலுக்கனிடம் எதுவும் வாங்காதீர்கள், ஊருக்குள் விடாதீர்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். யாரைச் சொல்கிறார் என்று யோசிக்காமல் கவுண்டரும் தட்டினார். பக்கத்தில் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து போகவில்லை. தம்பி அவரைப் பார்த்தான். பார்த்துவிட்டு மைக் ஒயரைச் சுருட்டினான்.

அம்மனுக்கு வளையல் கொடுத்துவிட்டு மாமா சாப்பிடாமல் கிளம்பினார்.

அடுத்த நோம்பிக்கு நான் ஏழு மாதம். மாமா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினார், ஊருக்குள் வரவில்லை. பஸ் அங்கே அரைமணி நின்றுதான் திரும்பும்; கேள்விப்பட்டு ரோட்டுக்கு இறங்கிப் போனேன்.

"ஊட்டுக்கு வாங்க மாமா."

"வேண்டாங் கண்ணு. இதே பஸ்ஸுல திரும்பறேன். கைய நீட்டு."

ரோட்டோரம் குத்தவைத்து இரண்டு கைக்கும் போட்டார். ஒன்றுகூட உடையவில்லை. அம்மனுக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

கோயிலில் தம்பி ஆட்கள் வேறு வளையல் வாங்கி வைத்திருந்தார்கள். என் பொட்டலத்தைப் பார்த்துத் தம்பி, "அது வேண்டாங்க்கா" என்றான். பூசாரி இரண்டையும் வாங்கிச் சாத்தினார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

பெண் பிறந்தது. அதற்கப்புறம் மாமா வரவில்லை. பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அவர் எந்த ஊர் என்று எங்களில் யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை.