பொடி டப்பாச் சத்தம்

என் பூனைக்குட்டி குறுக்கே போனதால்தான் மாமனாரின் வழக்கு வாய்தா போனது என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். வக்கீலுக்குக் காய்ச்சல் வந்ததெல்லாம் அவர் கணக்கில் சேரவில்லை.

“இன்னொரு தடவ குறுக்க வந்துச்சு, சாக்குல கட்டி ஆத்துக்கு அங்கிட்டு, கோரிப்பாளையத்துல விட்டுருவேன்” என்றார். எனக்குத் தெரியட்டும் என்றே சாக்கை அடுப்படி ஆணியில் மாட்டி வைத்தார்.

கல்யாணமாகி மதுரைக்கு வந்த புதிது. கணவர் விடியுமுன் மில்லுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பகல் முழுக்க நான் வாய்விட்டுப் பேசியது அந்தப் பூனைக்குட்டியோடு மட்டும்தான். அதையும் பிடுங்கிவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

அதனால் பாடம் நடத்தினேன். மாமனார் தூக்கிப் போட்ட பழைய மூக்குப்பொடி டப்பாவில் கருவாட்டுத் துணுக்குகளைப் போட்டு வைத்தேன். மூடியில் ஒரு தட்டு தட்டினால் மணையில் ஏறி உட்கார வேண்டும். இரண்டு தட்டினால் ஓடிவந்து தின்னலாம். முதலில் அந்த மகாராணி மணையைத் தவிர எல்லா இடத்திலும் உட்கார்ந்தாள். என் மடி, அம்மிக்கல், ஒரு நாள் மாமியாரின் வெளுத்த சேலை. ஆனால் கருவாட்டுக்கு முன்னால் எந்தத் திமிரும் நிற்காது. போகப்போக, இரண்டாவது தட்டு கேட்கும்வரை மீசைகூட ஆடாமல் இருக்கக் கற்றுக்கொண்டது.

தீர்ப்பு நாள் வந்தது. வயல் கிணற்றில் எங்கள் பங்குக்காகப் பங்காளியோடு நடந்த வழக்கு. மாமனார் சலவை வேட்டியோடு கிளம்பினார். அடுப்படியில் நான் ஒரு தட்டு தட்டினேன். குட்டி மணையில் ஏறியது. ஆள் புறப்படும்போது கதவைச் சாத்தக்கூடாது என்பதால் கதவு திறந்தே கிடந்தது.

அவர் வாசற்படி இறங்கினார். குட்டி அசையவில்லை. அப்பாடா என்று நான் நினைக்கும்போது அவர் நின்று, இடுப்பிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்தார். வீட்டில் வாழைமட்டையில் மடித்த பொடிதான் போடுவார். கோர்ட்டுக்குப் போகிறோமே என்று டப்பா வாங்கியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? மூடியை விரலால் தட்டினார். டக், டக்.

குட்டி என் கைக்கு அகப்படாமல் பாய்ந்தது. அவருக்குக் குறுக்கே ஓடி, நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கையையே பார்த்தது.

மாமனார் உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். “நீங்கதான் கூப்பிட்டீங்க மாமா” என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்தது. புது மருமகள் அதைச் சொல்லிவிட்டு எங்கே போய் நிற்பது? மாமியார் சாக்கை எடுத்து உதறினார்.

“அவரு வரட்டும்.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று மீனாட்சியைக் கும்பிட்டேன். கிணற்றுக்காக இல்லை, குட்டிக்காக.

சாயங்காலம் மாமனார் வந்தார்.

“தோத்துருச்சு” என்று கூடத்தில் உட்கார்ந்தார்.

மாமியார் சாக்கோடு அடுப்படிக்குள் நுழைந்தார். குட்டியை இறுக அணைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு அழுதேன்.

அப்போது கூடத்தில் மறுபடி சத்தம். டக், டக். குட்டி என் கையைப் பிராண்டிவிட்டு, மாமியாரின் காலுக்கிடையே புகுந்து ஓடியது. மாமனார் முன்னால் போய் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் அதையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய் எதிர் மூலையில் நின்று தட்டினார். அங்கேயும் வந்து உட்கார்ந்தது.

“சாக்க மாட்டுடி” என்றார் மாமியாரிடம். “காலையில நாந்தேன் கூப்பிட்டிருக்கேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு ஏதாச்சும் கொண்டா தாயி. காலையில இருந்து ஏமாத்திக்கிட்டு இருக்கேன்.”